நீ கழித்துப்போட்ட சவுக்குக் கட்டை

மச்சான்,

இன்று காலை கடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, உன் ரம்பத்தால் நாலு சவுக்குக் கட்டைகளை இரண்டிரண்டாக அறுத்தேன். நீ போன பிறகு உன் வீட்டில் நான் கேட்டு வாங்கிவந்தது அந்த ரம்பம் ஒன்றுதான். கைப்பிடியில் இன்னமும் வேஸ்ட் ஆயில் வாடை. கான்கிரீட் ஒட்டாமலிருக்க சென்ட்ரிங் ஷீட்டில் தடவுவீர்களே, அந்தக் கறுப்பு எண்ணெய். அறுக்க அறுக்க அந்த வாடை என் கையில் ஏறிக்கொண்டது. அப்புறம் வேறு வேலை ஓடவில்லை.

நான் வியாபாரி. சாரம் கட்ட வாடகைக்குக் கட்டை விட்டே மேலே வந்தவன். உடைகிறவரைக்கும் எல்லாக் கட்டையும் நல்ல கட்டைதான் என்பது என் எண்ணம். மேஸ்திரியான உனக்கு அப்படி இல்லை. லோடு இறங்கியதும் சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டிக் காது கொடுப்பாய். உள்ளே உளுத்துச் சத்தம் செத்திருந்தால் எண்ணெய் டப்பாவில் கையை முக்கி அந்தக் கட்டையின் நடுவில் ஒரு பிடி பிடிப்பாய். ஐந்து விரலும் பதியும்.

“இது வேணாம் மச்சான், எடுத்துனு போ.”

“இத்தினி கழிச்சின்னா நான் கடைய சாத்திட்டு உங்கிட்டயே சித்தாளா வந்துடுறேன்.”

“வாயேன். ஆனா சித்தாளுக்கு ஒடம்பு வளையணும்.”

சாரத்தின் மேலே நின்றவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

சேத்தியாத்தோப்பு கொத்தனார் ஒருவன் இரண்டாம் மாடி உயரத்தில் பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றானே, ஞாபகம் இருக்கிறதா? வீடு கட்டுகிறவர் கீழேயிருந்து கத்த வாயெடுத்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். “மேல நிக்கிறவன திட்டாதீங்க சார். காலு அங்க இருக்கும், கவனம் இங்க வந்துடும். எறங்கட்டும், நானே திட்டுறேன்.” அவன் இறங்கினான். டீ வாங்கிக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து நீ விட்ட வசவில் எனக்கே காது கூசியது. மறுநாள் முதல் ஆளாக பெல்ட் மாட்டியவன் அவன்தான்.

இனி நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ கழித்த கட்டைகளை நான் அடுப்புக்குப் போடவில்லை. உன் கை அடையாளத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, போகாத கறையைக் கொடுவாளால் சீவி, வேறு இடங்களுக்கு அனுப்பினேன். கடை ஆள் செய்துவிட்டான் என்று சொல்லித் தப்பிக்கலாம். சீவியது என் கைதான்.

அண்ணாமலை நகரில் நீ மாணவர் லாட்ஜ் கட்டும் வேலை பார்த்தபோது, சாரத்துக்கு இன்னும் கொஞ்சம் கட்டை வேண்டும் என்று போன் செய்தாய். “தட்டிப் பாத்தியா?” என்று கேட்டாய். “பாத்துட்டேன் மச்சான்” என்றேன். பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பி அன்றைக்கு மட்டும் நீயும் தட்டவில்லை.

புதுச் சாரத்தில் ஆட்களை ஏற்றுமுன் முதல் காலை நீதான் வைப்பாய். அப்படி வைத்தபோதுதான் கட்டை நடுவில் முறிந்தது. கீழே மணல் குவித்திருந்ததால் உயிர் தப்பி, கணுக்காலோடு போயிற்று. நான் ஓடிவந்தபோது உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முறிந்த துண்டைப் புரட்டினேன். முறிவுக்குப் பக்கத்தில் சீவின இடம். அதன் ஓரத்தில் மங்கலாக ஒரு விரல் தடம்.

ஆஸ்பத்திரியில் என்ஜினீயர் கேட்டதற்கு, “கால் வழுக்கிடுச்சி சார்” என்றாய். அதே மூச்சில், “அந்த லோடு பூரா எறக்கிடுங்க. வேற கட்டை வர்ற வரைக்கும் ஒருத்தனும் ஏறக் கூடாது” என்றாய். அவர் போனதும் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மச்சான், அந்தக் கட்டை...”

“தெரியும். என் கை எனக்குத் தெரியாதா?”

“திட்டு மச்சான். நாலு பேர் முன்னால வேணும்னாலும் திட்டு.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாய். “நீ இன்னும் மேலதான் நிக்கிற. எறங்கி வா, அப்பறம் திட்டுறேன்.”

கால் ஊன்ற முடிந்த முதல் நாளே தாங்கித் தாங்கி வேலைக்கு வந்தாய், கையில் இந்த ரம்பத்தோடு. அதற்கப்புறம் எண்ணெய் கிடையாது. கழித்ததை நின்ற இடத்திலேயே இரண்டாக அறுத்தாய்.

“நீ அறுக்கறது கட்டைய இல்ல, என் வவுத்த.”

“உன் வவுறு தாங்கும். கட்டை தாங்காது.”

அவ்வளவுதான். வருஷக்கணக்கில் ஒரே தட்டில் சாப்பிட்டோம். நீ படுக்கையில் விழுந்த பிறகும் தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தத் திட்டு மட்டும் வரவேயில்லை. நானும் வாய் திறந்து கேட்கவில்லை.

இன்று காலை கடலூரிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். சாரத்துக்கு நாலு கட்டை குறைகிறதாம். ஓரமாகக் கிடந்த நாலைக் காட்டினார். தட்டினேன். நாலும் செத்த சத்தம்.

“ரெண்டு நாள் வேலைதாண்ணே. தாங்கும், ஏத்திடுங்க.”

நான் உள்ளே போய் உன் ரம்பத்தை எடுத்துவந்து, அவர் கண் முன்னால் முதல் கட்டையில் வைத்தேன். “ஒனக்கு என்னா பைத்தியமா புடிச்சிருக்கு?” என்று சொல்லிவிட்டு அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். நல்ல வாடிக்கைக்காரர். இனி வரமாட்டார்.

மிச்சம் மூன்றையும் அறுத்து முடித்தேன். மடியெல்லாம் மரத்தூள். எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கீழேதான் இருக்கிறேன் மச்சான். இப்போது திட்டு.