மேடு ஏறாத நைட்ரோ லாரி

மாசி 9, வியாழன்

காலையில் பனி. வெயில் ஏறிய பிறகுதான் கோயில் மேடு கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு எழுதத் தெரியாது. பேசினால் போன் எழுதிக்கொள்கிறது.

பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த ரிமோட் லாரி. முழங்கை நீளம். நைட்ரோ எண்ணெயில் ஓடும் நிஜ இஞ்சின். சமதரையில் பறக்கிறது. கோயில் மேட்டில் பாதி வழியில், புளியமரத்தடியில் அணைந்துவிடுகிறது. இன்றும் அப்படியே.

வீட்டுக்காரியின் தம்பி கோயிந்தன் பார்த்துக்கொண்டே இருந்தான். "இன்னா மாமா, வண்டிக்கும் மூட்டு வலியா?"

பந்தயம் கட்டிவிட்டேன். ஞாயிறு சந்தையன்று நிற்காமல் மேடு ஏற வேண்டும். தோற்றவன் லாரியைத் தலையில் வைத்துச் சந்தையைச் சுற்ற வேண்டும். வாய் சும்மா இருக்காது எனக்கு.

மாசி 10, வெள்ளி

நல்ல வெயில். டேங்கைக் கழற்றினேன். ஒரு குழாயை அடைத்துத் தண்ணீரில் அமுக்கி, இன்னொன்றில் ஆட்டுக்கு மருந்து ஊற்றும் சிரிஞ்சால் காற்று தள்ளினேன். பஞ்சர் பார்ப்பது போல. மூடியோரம் குமிழ். அகப்பட்டது! சைலன்சர் புகை உள்ளே வந்து அழுத்தினால்தான் எண்ணெய் இஞ்சினுக்குப் போகும். மூடி கசிந்தால்?

மூடி வளையம் மாற்றினேன். குமிழ் போச்சு. மேட்டுக்குக் கொண்டுபோனேன். அதே புளியமரம். அங்கேயே நின்றது.

கோயிந்தன் துண்டை நீட்டினான். "தலைல சும்மாடு கட்டிப் பழகு மாமா."

புளி உலுக்க ஆள் சொல்லணும். மூக்குப்பொடி தீர்ந்தது.

மாசி 11, சனி

படுத்தபடியே யோசனை. பொங்கலுக்கு மறுநாள் இதே மேட்டை ஏறியது. அன்று கோயிந்தன் நீலச் சட்டை, பை கிழிசல். சத்தத்தில் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. எல்லாம் நினைவிருக்கிறது. அதற்குப் பின் வண்டியில் எதை மாற்றினேன்? ஒன்றுமில்லை.

வீட்டுக்காரி உள்ளேயிருந்து: "யோவ், தேன் வடிக்கிற துணி எங்க? பொங்கல்ல இருந்து காணோம்."

"எங்கிட்டதான் கீது."

"உனுக்கு இன்னாத்துக்கு?"

"நைட்ரோவுல தூசி வரக்கூடாதுன்னு வடிகட்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டேங்குக்குள் குழாய் நுனியில் குட்டிச் சல்லடை. அதில் துணியிலிருந்து வந்த தேன்மெழுகு அப்பியிருந்தது. சமதரைக்குச் சொட்டு போதும். மேட்டில் இஞ்சின் கூடக் கேட்கும், கிடைக்காது. வெந்நீரில் போட்டதும் மெழுகு உருகி மிதந்தது. டேங்கையும் கழுவிக் காயவைத்தேன். இனி புது டப்பா எண்ணெய், துணி கிடையாது.

துணிக்காகச் சரியான திட்டு. நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாசி 12, ஞாயிறு

பனி இல்லை. மேட்டடியில் நாங்கள் மூன்று பேர்தான், மற்றவர்கள் சந்தையில்.

வீலென்று கத்திக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு... புளியமரம் தாண்டியது. கோயில் வாசல்! நான் குதித்த குதியில் வேட்டி அவிழ்ந்தது. வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயிந்தன் பேச்சு மாறவில்லை. இஞ்சின் ஆறியதும் சும்மாடு கட்டினான், லாரியைத் தலையில் வைத்தான், சந்தைக்குள் நடந்தான்.

பூக்காரம்மா கேட்டாள், "இன்னாண்ணா, பந்தயத்துல ஜெயிச்சிட்டியா?"

"ஆமாம்மா."

மாலை போட்டுவிட்டாள். போண்டாக் கடையில் அவனுக்கு ஓசி டீ. நான் பின்னாலேயே ஓடினேன். "ஜெயிச்சது நாந்தாங்க! நாந்தான்!"

போண்டாக் கடைக்காரர் கேட்டார், "யாருண்ணா இந்தப் பெரியவரு?"

கோயிந்தன் தலையை ஆட்டாமல் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"நம்ம டிரைவரு."