ஆறு ராத்திரிகளுக்கு ஒரு டியூட்டி சார்ட்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். முந்தாநாள்தானே ஃபோனில் அரைமணி நேரம் பேசினோம், இப்போது என்ன கடிதம் என்று யோசிப்பாய். ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய், எனக்கும் வாய் வராது. கடிதமென்றால் கோபத்தில் கசக்கி எறிந்தாலும் அப்புறம் எடுத்துப் பிரித்துப் படிக்கலாம்.

முதலில் பயண விஷயம். தம்பிக்கு லீவு கிடைத்துவிட்டது. அவன், அவன் பெண்டாட்டி, வாலு, நான், ஆக நாலு டிக்கெட். ஜூலையில் அங்கே குளிர்காலம் என்று நீ சொன்னதை அவன் பெண்டாட்டி நம்பவே இல்லை. எல்லாம் மெல்லிசுத் துணியாக எடுத்து வைத்திருந்தாள். மறுபடி பெட்டியைக் காலி பண்ண வைத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். வாலுவுக்கு ஏழு வயதாகிறது, இன்னும் அத்தையை நேரில் பார்த்ததில்லை. உன்னைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறாள்.

அங்கே நட்சத்திரம் பார்க்கிற ஏற்பாடு முழுக்க உன் அப்பா கையில் இருக்கிறது. வாலுதான் ஆரம்பித்து வைத்தாள். "தாத்தா, அத்தை ஊர்ல நிலா தலைகீழா தெரியுமாமே, நிஜமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல அந்த மனுஷனுக்கு என்றைக்கு வந்திருக்கிறது? மறுநாளே நூலகத்திலிருந்து நாலு புத்தகம் சுமந்து வந்தார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜை எனக்கு இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் டெப்போவில் டியூட்டி சார்ட் போட்ட கை. பெரிய தாள், ஸ்கேல், சிவப்புப் பேனா எல்லாம் வெளியே வந்துவிட்டன.

முதலில் கண்டுபிடித்ததே எங்கள் தேதியில் ஒரு கோளாறு. நாங்கள் பௌர்ணமி வாரத்தில் டிக்கெட் போட்டிருந்தோம். "நிலா வெளிச்சத்துல என்னத்தடா பாப்பீங்க, மண்ணையா?" என்று தம்பியை நாலு நாள் பிடுங்கி எடுத்து, பதினைந்து நாள் தள்ளிப் போட வைத்தார். ஆபீஸ் காரணமாகத் தேதி மாறியது என்று உன்னிடம் சொன்னது சும்மா. நாலு டிக்கெட்டையும் மாற்றும்போது பக்கத்திலேயே நின்றார். ஐந்தாவது ஒன்று வேண்டும் என்று வாய் திறக்கவில்லை.

சார்ட்டை நீ பார்க்க வேண்டுமே! ஆறு ராத்திரி, ஆறு வரிசை. முதல் நாள் பயணக் களைப்பு, டியூட்டி கிடையாது. இரண்டாம் நாள் ஏழரை மணி, உன் வீட்டுப் பின்வாசல், தென்சிலுவை, பொறுப்பு தம்பி. மூன்றாம் நாள் பால்வீதி, எல்லோரும் பாயில் மல்லாந்து படுக்க வேண்டும், பாய்க்கும் போர்வைக்கும் நான் பொறுப்பு. ஐந்தாம் நாள் ஊருக்கு வெளியே மேட்டுக்குப் போய் விருச்சிகத்தின் கொடுக்கை உச்சந்தலைக்கு நேரே பார்ப்பது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாகுமாம், அதற்குள் ஃபோனைத் திறப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சிவப்பில் எழுதியிருக்கிறார். டார்ச்சுகளுக்குச் சிவப்புத் துணியில் உறை தைக்கச் சொன்னார். எத்தனை என்றேன். ஐந்து என்றார். எங்களுக்கு நாலு, உனக்கு ஒன்று.

உன் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? "பெரியவளுக்குக் காலையில் வேலை. ஒன்பது மணிக்கு மேல் டியூட்டி போடக் கூடாது." உன் வேலை நேரத்தைத் தம்பியிடம் சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

போன வாரம் மேஜையைத் துடைக்கத் தாளைத் தூக்கினேன். ஒவ்வொரு நாளின் கடைசிக் கட்டத்திலும் பென்சிலால், உற்றுப் பார்த்தால்தான் படிக்க முடிகிற அளவுக்குச் சின்னதாக, "ஸ்பேர்: நான்" என்று இருந்தது. ஸ்பேர் என்றால் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தனக்கென்று வண்டி இல்லாத ஆள். யாராவது வராமல் போனால் ஏறிப் போக வேண்டும், இல்லையென்றால் நாள் முழுக்க யூனிஃபார்மோடு டெப்போ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டும். சார்ட் போடுகிற நாற்காலிக்கு வருவதற்கு முன், டிரைவராக இருந்த முதல் இரண்டு வருஷம் உன் அப்பாவுக்கு அதுதான் வேலை. கட்டிக்கொடுத்த சோற்றை பெஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார்.

நீங்கள்தான் போகவில்லையே, இது என்ன என்று கேட்டேன். "அந்தக் கட்டத்தைக் காலியா விடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். அன்றே அலமாரியில் துணி அடுக்கும்போது அவருடைய புது பாஸ்போர்ட் கையில் கிடைத்தது. காலர் பட்டன் வரை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்திருக்கிறார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் வராததற்குக் காரணம் நான் உன்னிடம் சொன்ன முட்டிவலி இல்லை. தினமும் மூன்று மாடி ஏறி இறங்குகிற மனுஷனுக்கு ஏது முட்டிவலி? மார்ச்சில் நீ எங்களைக் கூப்பிட்டபோது அவருக்கும் சேர்த்துத்தான் அழைப்பு வைத்தாய். நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை. "அவ எங்க நாலு பேரைத்தான் கூப்பிட்டா" என்றேன். உன்னிடம், முட்டிவலி என்று அவர் மாட்டேன் என்றுவிட்டார் என்றேன். இரண்டு பக்கமும் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்றால், பயம். எட்டு வருஷத்துக்கு முன் நீ கிளம்பிய அன்று அவர் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. டியூட்டி என்றார். சார்ட் போடுகிறவருக்கே டியூட்டியா என்று நீ கேட்டதும், விட்டுட்டுப் போறவளை வழியனுப்ப எனக்கு நேரமில்லை என்று அவர் சொன்னதும் என் காதிலேயே நிற்கின்றன. அதற்கப்புறம் நீ முறைக்க, அவர் முறுக்க, நடுவில் நான். உங்கள் இரண்டு பேரின் வீம்பும் ஒரே அச்சு. ஒரே கூரையின் கீழ் ஆறு நாளும் சண்டையாகப் போய்விட்டால்? என் மகளோடு ஆறு நாள் நிம்மதியாக இருக்க ஆசைப்பட்டேன். என் ஆசைக்காக அந்த மனுஷனை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இது வரை எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டுப் போய் அவரிடமும் சொல்லிவிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கத்துவார் என்று பார்த்தேன். சுவிட்சை அணைத்தார். "என்னன்னு சொல்லிக் கூப்பிட்டா?" என்று கேட்டார். 'அப்பாவையும் கூட்டிட்டு வா'ன்னு சொன்னா என்றேன். "அப்பான்னா சொன்னா?" என்றார். ஆமாம், அப்பான்னுதான் என்றேன். திரும்ப சுவிட்சைப் போட்டு, போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டார்.

நீ அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். "அவரையும் கூட்டிட்டு வா" என்றுதான் சொன்னாய். எட்டு வருஷமாக என்னிடம் நீ அவரை அப்படித்தான் சொல்கிறாய். இரண்டு பொய்யை ஒப்புக்கொள்ளப் போய் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு இதைத் திரும்ப வாங்க என்னால் முடியாது.

அதே விமானத்தில் இந்த மாசக் கடைசி வரை இடம் இருக்குமாம், தம்பி விசாரித்துவிட்டான். நான் கேட்டால் அவர் வர மாட்டார். நீ கூப்பிட வேண்டும். அவர் நம்பர் மாறவில்லை. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் அம்மாவின் இந்தக் கடைசிப் பொய்யை மட்டும் நிஜமாக்கிவிடு, கண்ணு. ஒரே ஒரு தடவை, அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் வேண்டாத,
உன் அம்மா