மொட்டைமாடியில் கட்டிக் கிடந்த குட்டி

ஐப்பசி, செவ்வாய் இரவு

எங்கள் ஆட்டுக்கிடை நாய் போட்ட நான்கு குட்டிகளில் மூன்றை ஆடு மேய்ப்பவர்களுக்கே கொடுத்தேன். ஆசையாகக் கேட்டாரே என்று நான்காவதைத் திண்டுக்கல் அமலி டீச்சருக்குக் கொடுத்தேன். இன்று சந்தைக்கு ஆடு ஏற்றிப் போனபோது அவர் வீட்டுக்கும் போனேன். குட்டி மொட்டைமாடி வெயிலில் கட்டிக் கிடந்தது. கழுத்தில் கயிறு அறுத்த புண்.

"பிள்ளைக ஓடுனா குதிகாலக் கடிக்க வருதுக்கா. பயந்துதான் கட்டிப் போட்டேன்" என்றார் டீச்சர்.

அது கடிக்க வரவில்லை. ஆட்டை மடக்குவதுபோலப் பிள்ளைகளை மடக்கியிருக்கிறது. அதன் தாயும் அப்படித்தான். கொடுக்கும்போதே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பாரோ என்று மறைத்துவிட்டேன். வடமதுரைக்காரர் ஒருவர் தன் ஆடுகளுக்காக இதே குட்டியை இரண்டு தடவை வந்து கேட்டார். டவுனில் பால்சோறு கிடைக்கும் என்று நினைத்து அவருக்கு இல்லையென்றேன்.

குட்டியை அவிழ்த்துக் கூட்டி வந்துவிட்டேன். டீச்சரின் மகள் படிவரை பின்னாலேயே வந்தாள்.

"ஆண்ட்டி, இனிமே நான் ஓடவே மாட்டேன். இங்கயே விட்டுருவீங்களா?"

"இல்ல தாயி" என்று மட்டும் சொன்னேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வண்டி காத்திருக்கிறது என்று இறங்கி வந்துவிட்டேன்.