அஞ்சாவது கூறு

அப்பாவுக்கு, கோகிலா எழுதறேன். உங்க முட்டிவலி தேவலைங்களா? அம்மாவுக்குச் சளி விட்டுதா? மெல்போர்ன்ல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்கப்பா, குளிர் மட்டுந்தான்.

ஞாயித்துக்கெழம, கூட வேலை செய்யற நர்சுங்க மூணு பேரு என்னை ஒரு ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க கறியப் பச்சையாக் குடுப்பாங்க, நாமளே சுட்டுக்கணும். பயப்படாதீங்க, ஆட்டுக்கறிதான். அவங்க தொடை, விலா, கழுத்துன்னு ஆளுக்கொண்ணு வாங்கினாங்க, நான் முதுகுக்கறி. முதுகு பூவாட்டம் வெந்துது. கழுத்து வேக நேரமாச்சு, ஆனா ருசி அதுலதான். வெளிய மழை, உள்ள புகை. மிதக்கற மாதிரி இருந்துது. புகைக்கு அந்தப் பக்கம் நம்மாளு யாரோ உக்காந்திருக்கற மாதிரியே ஒரு நெனப்பு.

அவங்கவங்க கறிய அவங்கவங்க தட்டுல போட்டுத் தின்னப் போனாங்க. எனக்குக் கை சும்மா இருக்கல. பண்டிகைக்கு ஆடு வெட்டறப்ப நீங்க செய்யற மாதிரியே எல்லாத்தையும் நறுக்கி, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சங் கொஞ்சம் வெச்சுக் கூறு போட்டுட்டேன். சிரிச்சிக்கிட்டே ஆளுக்கொரு கூறு எடுத்துக்கிட்டாங்க.

நானும் எடுத்தேன். இன்னொரு கூறு அப்படியே இருந்துது. "இது யாருக்கு?"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் நானே பாத்தேன், நாலு பேருக்கு அஞ்சு கூறு போட்டிருக்கேன்.

பாப்பாரப்பட்டி சந்தையில கொள்ளு வாங்கிப் பொடி இடிச்சு அனுப்புங்க. உங்க பழைய துண்டுலயே முடிஞ்சு அனுப்புங்க, கவர் வேணாம். டூட்டிக்கு நேரமாச்சு.

பண்டிகைக்குக் கூறு போடறப்ப எனக்கும் ஒண்ணு வைங்கப்பா. யாரு தின்னாலும் சரி.

கோகிலா