அடைப்புக்குறிக்கு அனுமதி இல்லை

ஜூன் 10, செவ்வாய்

இன்று முதல் எங்கள் ஹடப்சர் ஆபீசில் குறிகளுக்குத் தடை. மேனேஜர் பாஸ்கர் மெயில் அனுப்பியிருக்கிறார்: கம்ப்யூட்டர் நிரலில் இனி கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, அம்புக்குறி கூடாது, எல்லாவற்றையும் சொல்லாக எழுத வேண்டும். அடைப்புக்குறியும் ‘முடிந்தவரை’ வேண்டாமாம். காரணம், நேற்றுச் சேர்ந்த ஷபானா. அவளுக்குப் பார்வை இல்லை; கம்ப்யூட்டர் வாசிப்பதைக் காதால் கேட்டு வேலை செய்கிறாள். மெயிலின் கடைசியில், ‘கருணையே நம் பண்பாடு.’ பக்கத்தில் கைகூப்பும் பொம்மை. அந்தக் குறிக்கு மட்டும் தடை இல்லை போலிருக்கிறது.

ஜூன் 11

நான் பெருமையாக வைத்திருந்த ஒற்றை வரி இன்று ஒரு பக்கமாகப் பெருத்துவிட்டது. ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருள் செய்கிறோமா, அகராதி தொகுக்கிறோமா?

ஜூன் 17

ஷபானாவின் குடும்பத்துக்கு ஆம்பூர். அவள் இதே ஊரில், கேம்ப் பகுதியில் வளர்ந்தவள். நான் தமிழ் என்று தெரிந்ததும் கேட்டாள்.

“சாய், அந்த மெயில் எனக்காகவா?”

“ஆமா. உங்க மேல பாஸ்கருக்கு அவ்ளோ கருணை.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

ஹெட்போனின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினாள். இயந்திரக் குரல் தலைதெறிக்க ஓடியது. அடைப்புக்குறி வந்தால் ஒரு ‘டிக்’, அவ்வளவுதான், அவளே அமைத்துக்கொண்டது. குறிகளுக்குப் பதிலாக வந்த நீள நீளமான பெயர்கள்தான் முடிகிற வழியாக இல்லை.

“அப்போ என்னோட பழைய ஒத்தை வரிதான் உங்களுக்கு வசதி!”

“அதுவா? ஒண்ணுக்குள்ள ஒண்ணா நாலு கேள்விக்குறி. முடியறதுக்குள்ள ஆரம்பம் மறந்துபோச்சு.”

நன்றி, ஷபானா.

ஜூன் 20

பாஸ்கர் கேபினுக்குக் கூப்பிட்டார். “அந்தப் பொண்ணு ரொம்ப ஸ்லோ, சாய். இவ்ளோ பண்ணியும்! ரிலீஸ் முடியட்டும், வேண்டாம்னு எச்.ஆர்.கிட்ட சொல்லிடறேன்.” காலைக் கட்டிவிட்டு ஓட்டம் சரியில்லை என்கிறார். நான் வீரமாக என்ன சொன்னேன்? “ஹாஞ்சி சார்.” அதாவது, சரிங்க சார்.

ஏன்டா வாயத் திறக்கல?

ஜூன் 23

நாளை ரிலீஸ். மதியம் ஷபானா என் மேஜையைத் தட்டினாள்.

“இங்க ‘டிக்’ வரல, சாய்.”

எந்த வண்டி கிளம்பலாம் என்று முடிவு செய்யும் இடம் அது. வேறு அழைப்பில் இருக்கும் வண்டியும் போகக்கூடாது, பழுதான வண்டியும் போகக்கூடாது. ‘இல்லை’ என்பது இரண்டுக்கும் சேர வேண்டுமானால், இரண்டையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். பாஸ்கர் தன் கையாலேயே அதை எடுத்திருக்கிறார். இப்போது ‘இல்லை’ முதலாவதுக்கு மட்டும். பழுதான வண்டி தாராளமாகக் கிளம்பும். மேலே மட்டும் ‘தயாராக உள்ள வண்டி’ என்று அழகான பெயர். கண்ணுள்ள நாங்கள் அத்தனை பேரும் பெயரைப் படித்தோம், நம்பினோம், கையெழுத்திட்டோம்.

பிரேக் போன வண்டி யாரோ ஒருவரின் வாசலுக்குப் போயிருக்கும்.

மாலை மீட்டிங்கில் பாஸ்கர் சிரித்தபடி, “டீமா சேர்ந்து ஒரு சின்ன தப்பைப் பிடிச்சோம்” என்றார். சின்ன!

எழுந்தேன். “சார், பிடிச்சது ஷபானா. தனியா. அடைப்புக்குறி போயிருந்ததால வந்த தப்பு. எடுக்கச் சொன்னது அந்த மெயில்.”

ஏ.சி. மட்டும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூன் 24

புது மெயில்: குறிகளை ‘அளவோடு’ பயன்படுத்தலாம். கூட்டு முடிவாம். யார் கூடியது?

ஜூலை 8

ஷபானாவுக்கு வேலை உறுதி. இனி எங்கள் நிரல் எல்லாம் அவள் காதால் கேட்ட பிறகுதான் வெளியே போகும். காலையில் என்னுடையதைத்தான் முதலில் திருப்பி அனுப்பினாள்.

போய் நின்றேன். “என்ன தப்பு?”

“தப்பு இல்ல. நீங்களே சத்தமா வாசிங்க.”

வாசித்தேன். பாதி வரியில் மூச்சு முட்டியது. இடத்துக்குத் திரும்பி வந்து, மூச்சு முட்டிய இடத்தில் வரியை உடைத்தேன்.