மூன்று மில்லிமீட்டர்

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். ‘என்னுடைய __________, ஆண்டவரின் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன்.’ கோடிட்ட இடத்தை நிரப்பி மாதக் கடைசிக்குள் சபைச் செயலாளரிடம் தர வேண்டுமாம். என் மனைவி பாடகர் குழுவில் இருப்பவள். யோசிக்கவே இல்லை, மடியில் வைத்தே ‘குரல்’ என்று எழுதிவிட்டாள். பக்கத்தில் எலக்ட்ரீஷியன் ‘வயரிங் வேலை’ என்று எழுதினார். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பல் செட் செய்கிறவன் என்ன எழுதுவது?

“பல்லுன்னே எழுதுங்களேன்” என்றாள்.

“பரலோகத்துல யாருக்கும் பல் கொட்டாது.”

அவள் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எழுத ஆசைப்பட்ட வார்த்தை வேறு. பிரசங்கம். இருபது வருடமாக மனதுக்குள்ளேயே பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறேன், பஸ்ஸில், குளியலறையில், லேபில் மெழுகு உருக்கும்போது. ஒருவரும் கூப்பிட்டதில்லை.

இன்றும் போதகர் பேசும்போது மைக்கில் டக் டக்கென்று பல் முட்டும் சத்தம். முன் வரிசைப் பெண்பிள்ளைகள் தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் அவருடைய புது செட்டைச் செய்தது நான்தான். ‘போகப் போகப் பழகிடும்’ என்று பல் டாக்டரம்மா அவரிடம் சொல்லியிருந்தார்.

ஜூன் 5, புதன்

அட்டை காலியாகவே இருக்கிறது. சட்டைப் பையில் வைத்து ஒரு மூலை மடங்கிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

போதகர் பாதியில் நிறுத்திவிட்டார். “வாய் ஒத்துழைக்க மாட்டேங்குது. நிறுத்திக்கோன்னு ஆண்டவர் சொல்றார்போல” என்றார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

வாசலில் செயலாளர் என் கையைப் பிடித்தார். “புது ஆள் வர்ற வரைக்கும் நீங்க பேசுறீங்களா? நல்லா வேதம் படிக்கிறவர்னு ஐயாவே உங்களைத்தான் சொன்னார்.”

ஐயாவே சொன்னார்! வீடு வரை கால் தரையில் பாவவில்லை.

ஜூன் 10, திங்கள்

இதை எழுதாமல் இருந்தால் தேவலை. எழுதுகிறேன்.

காலையில் லேபில் அலமாரியைத் திறந்து, போதகருடைய செட்டை அனுப்பும் முன் அதிலிருந்து பிடித்து வைத்த பிளாஸ்டர் அச்சை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? டக் டக் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் கற்றுக்குட்டிக்கும் தெரியும். பற்கள் வேண்டிய உயரத்தைவிட உயரம், அதனால் பேசும்போதே முட்டுகின்றன. தாடை போலத் திறந்து மூடும் கருவியில் அச்சை மாட்டி, டாக்டரம்மா எழுதி அனுப்பிய அளவோடு ஒப்பிட்டேன். மூன்று மில்லிமீட்டர் அதிகம்.

கருவியின் முன்னால் ஒரு கம்பி உண்டு, உயரத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அதன் திருகாணி தேய்ந்தால் கம்பி நழுவி உயரம் மாறிவிடும். அப்படித் தேய்ந்துபோனதை மார்ச்சில் நான் மாற்றினேன். மாற்றியது போதகரின் செட்டை அனுப்பிய மறுவாரம். அதற்கு முன் செய்ததைத் திரும்பப் பார்க்கவில்லை.

ஆக, அவர் வாய்க்கு ஒன்றுமில்லை. ஆண்டவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சொல்லிவிடலாம். அடுத்த ஞாயிறு போகட்டும். ஒரே ஒரு ஞாயிறு.

ஜூன் 16, ஞாயிறு

பேசினேன். முதல் ஐந்து நிமிடம் தாளைப் பார்த்தே படித்தேன். பிறகு வார்த்தைகள் தாமாக வந்தன. ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார், நான் பார்த்தேன். முடிந்ததும் எத்தனை பேர் கைகுலுக்கினார்கள்! சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

போதகர் முதல் வரிசையில் இருந்தார். “நல்லா இருந்துச்சு தம்பி” என்றார், கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து.

ஜூன் 17, திங்கள்

“கூண்டுல போட்ட மாதிரி ஏன் நடந்துக்கிட்டே இருக்கீங்க?” என்கிறாள் மனைவி. கால் வலி என்றேன். கால் வலிக்கிறவன் நடப்பானா என்பதுபோலப் பார்த்தாள்.

ஜூன் 19, புதன்

போதகர் வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அவர் உள்ளறையில் இருந்தார். அவர் மனைவி மெல்லிய குரலில் பேசினார். “ரொட்டியைப் பால்ல ஊறவச்சுக் குடுக்கிறேன். அதுதான் சாப்பாடு. புதன்கிழமை ஆனா ஆஸ்பத்திரிக்குப் போயி நோயாளிங்க பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுவார். இப்ப போறதில்லை. அவங்க காதுல இந்தச் சத்தம் விழுமேன்னு கூச்சம்.”

காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். காபி மட்டும் குடித்துவிட்டு.

ஜூன் 23, ஞாயிறு

எதைப் பற்றிப் பேசினேன் தெரியுமா? எஜமான் நம்பிக் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்து வைத்த வேலைக்காரனைப் பற்றி. நானே தேர்ந்தெடுத்த பகுதி! பாதியில் போதகரைப் பார்த்தேன். மென்று முடிக்காதவர்போலத் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்தேன், இரண்டு வரி தவறவிட்டேன், ஆமென் சொல்லி இறங்கினேன். ‘உணர்ச்சிவசப்பட்டுட்டார்’ என்று பின்னால் யாரோ மெச்சினார்கள்.

என்னடா பண்ற நீ? அந்த மனுஷன் பட்டினி கிடக்கிறார். நீ அவர் மைக்குல நின்னு ஊழியம்ங்கற. யாருக்கு ஊழியம்? உனக்கா?

ஜூன் 24, திங்கள்

மனைவியிடம் சொன்னேன். தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“எப்பலேருந்து தெரியும்?”

“பதினாலு நாளாத்தான்.”

“பதினாலு நாள் பத்தாதா?”

அப்புறம் கோபம் வந்துவிட்டது அவளுக்கு. “நீங்க அங்க நின்னப்ப பெருமையா இருந்துச்சு எனக்கு. அதையும் கெடுத்துட்டீங்க.” இதுதான் இன்னும் குத்துகிறது.

ஜூன் 25, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். “ஆனா பழகிடும்னு அனுப்பினது நான்” என்றார் கடைசியில். நாளை இருவரும் போகிறோம்.

ஜூன் 26, புதன்

எல்லாவற்றையும் சொன்னேன். திருகாணி, மூன்று மில்லிமீட்டர், இரண்டு ஞாயிறு. போதகர் பல் செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். டாக்டரம்மா கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“மூணு மாசமா ஆண்டவர்கூட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்” என்றார், பல் இல்லாத வாயால். “உங்ககூட போட்டிருக்கணும்.”

பிறகு சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன், அழுகை வந்தது. “மன்னிச்சுட்டேன்னு உடனே சொல்ல வரலை தம்பி. முதல்ல பல்லைக் குடுங்க” என்றார். அது நியாயம்.

ஜூலை 4, வியாழன்

புது அளவில் மெழுகில் பல் நட்டு, வாயில் பொருத்திப் பார்த்தோம். “ஏதாவது பேசுங்க ஐயா” என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஆராதனை முடிவில் சொல்லும் ஆசீர்வாதத்தை மெதுவாகச் சொன்னார். ஒரு முட்டல் இல்லை. கோவில் பக்கமே போகாத டாக்டரம்மா, கையுறையைக் கழற்றாமல் தலையைக் குனிந்து நின்றார்.

ஜூலை 14, ஞாயிறு

போதகர் ஐம்பது நிமிடம் பேசினார். நீளம் அதிகம்தான். நடுவில் ஒரு கருத்தை நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். மைக்கில் டக்கென்று ஒரு சத்தம் இல்லை. அது யாருக்கும் தோன்றவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். மனைவி என் பக்கம் திரும்பாமலே முழங்கையால் லேசாக இடித்தாள்.

வாசலில் போதகர் நிறுத்தினார். “புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்கூட வாங்க. அதுக்குப் பக்கத்து முதியோர் இல்லத்துல பல்லைக் கழற்றி டப்பாவுல வச்சிருக்கவங்க பதினோரு பேர். முட்டுதாம், கழலுதாம். டாக்டரம்மாவும் வர்றேன்னுட்டாங்க.”

செயலாளர், என் அட்டை மட்டும்தான் பாக்கி என்றார். மடங்கிய மூலையை நீவி அங்கேயே எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “பல்லா?” என்றார்.

“ஆமா.”

மேடை ஆசை போய்விடவில்லை. இன்று காலையும் குளியலறையில் பிரசங்கம் நடந்தது.

ஜூலை 16, செவ்வாய்

நாளை பதினோரு பேர். கருவியைத் துடைத்து வைத்தேன். திருகாணியை முடுக்கினேன். சாப்பிட்டு வந்து இன்னொரு தடவை முடுக்கிப் பார்த்தேன்.