தீபாவளிக்கு மறுவாரம்

ஆம்பூர்,
அக்டோபர் 1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தீபாவளிக்குப் பூரணியோடு வந்துவிடுங்கள். வேட்டி எடுத்தாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருவேன். மறுவாரம் வேலூர் கோர்ட்டில் நீங்கள் என்னைக் குறுக்கு விசாரணை செய்யப்போகிறீர்கள் என்பதற்காக வீட்டு முறை மாறாது.

எழுதியதைக் கிழித்துக் கிழித்து இதை எழுதுகிறேன்.

பூரணி போன வாரம் வந்தாள். "உடம்பு சரியில்லன்னு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிக் குடுத்துடுப்பா. அவருக்கு ஒரே பேஜாரா கீது" என்றாள். "எனக்கு இன்னாடி கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். அழுதுகொண்டே போய்விட்டாள். நீங்கள் சொல்லி அனுப்பினீர்களா என்று நான் கேட்கவில்லை.

பொட்டலம் கட்டிய பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். சுங்க இலாகாவின் வக்கீலாக நீங்கள் மோசடி முதலாளிகளை ஜெயிலுக்கு அனுப்பிய செய்திகளையும் அப்படித்தான் படித்தேன். அதற்காகவே பெண் கொடுத்தேன். இன்று அதே இலாகா வழக்குப் போட்டிருக்கும் என் முதலாளிக்கே நீங்கள் வக்கீல்.

வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாத, அரைகுறையாகப் பதனிட்ட தோலை, முழுதாகப் பதனிட்டது என்று பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றச் சொன்னார். மேஸ்திரியான நான் மறுத்தேன். வேலையை விட்டு நிறுத்தினார். அந்த ஆத்திரத்தில் சாட்சி சொல்கிறேனா என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆத்திரம்தான். ஆனாலும் பார்த்ததைத்தான் சொல்வேன்.

நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் நான் எழுந்து நிற்பேன். கல்யாணத்திலிருந்து அது ஒருநாளும் தவறியதில்லை. சாட்சிக் கூண்டிலும் நின்றுகொண்டுதான் இருப்பேன். அதை மட்டும் மாப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்